கண்ணாடிக்காரரின் கோட்டு

லாண்டரி வைத்திருப்பவர்களின் கைக்குத் தனியாக ஒரு புத்தி உண்டு. எந்தத் துணி அகப்பட்டாலும் அது முதலில் பாக்கெட்டைத்தான் தேடும். மெஷினுக்குள் ஒரே ஒரு பேனா தெரியாமல் போய்விட்டால் போதும், ஊரார் சட்டையெல்லாம் நீலமாகிவிடும், ஊரே கடை வாசலில் வந்து நிற்கும். அதனால் லாண்டரி அக்காவின் கை இருபது வருஷத்துக்கும் மேலாக, எதைத் தொட்டாலும் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறது. சாவி, சீப்பு, பாதி கடித்த பிஸ்கட், யாரோ ஒரு குழந்தையின் விழுந்த பல், எல்லாம் அவள் பார்த்தாயிற்று. எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணியோடு திருப்பிக் கொடுப்பாள். என்ன ஏது என்று கேட்க மாட்டாள். அடுத்தவர் பாக்கெட்டில் எது இருந்தால் அவளுக்கு என்ன?

தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

மகள் கல்யாணத்தன்று ஒரு கூத்து நடந்தது. மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு விருந்தினர் முன்னால் நின்றிருந்தார். காலர் மடங்கியிருக்கிறதே என்று சரிசெய்யப் போன அக்கா, பேச்சோடு பேச்சாக அவர் பாக்கெட்டிலிருந்த கைக்குட்டை, சாவிக்கொத்து, வாய் மணக்க வைத்திருந்த மிட்டாய் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டாள். மாப்பிள்ளை இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார். "எங்க அத்தை பக்கத்துல வந்தா நான் ரெண்டு பாக்கெட்டையும் கையால பொத்திக்குவேன்" என்பார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தப் பழக்கம் ஒரு நாள் ஒரு மனுஷனின் மூச்சோடு விளையாடும் என்று யார் கண்டார்கள்?

மூச்சுக்குரிய மனுஷர் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள், நடுவில் சுழல் நாற்காலி, அதற்கு எதிரே பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை இறங்கி வரும் அட்டை, இவ்வளவுதான் அவர் உலகம். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. வாரத்துக்கு ஒரு மூட்டையாகத் துணி கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தவர், போன வருஷம் திடீரென்று தினம் ஒரு சட்டையாகக் கொண்டுவர ஆரம்பித்தார். ஏன் என்று தெரு முழுக்கப் புரிந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்தாள். கடைசியில் ஒரு நாள் மதியம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இஸ்திரி மேசைக்கு எதிரே நின்றுகொண்டு அவர் கேட்டேவிட்டார்.

"மிச்சக் காலத்துக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருக்கலாமான்னு யோசிக்கிறேன். நீங்களும் யோசிச்சுப் பாருங்க."

அக்கா யோசித்தாள். ராத்திரி பகலாக யோசித்தாள். அவரைப் பிடிக்காமல் இல்லை. நல்ல மனுஷன், வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் கணவர் ஏழு வருஷம் படுக்கையில் கிடந்து போனவர். நெஞ்சு பலவீனம். கீழே கடை, மாடியில் அவர். சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடுவாள், அவரை நிமிர்த்தி உட்காரவைப்பாள், மருந்து கொடுப்பாள், திரும்ப ஓடி வருவாள். முகம் சுளித்ததே இல்லை. ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு முதல் முறையாக விடியும்வரை கண் திறக்காமல் தூங்கினாள். அப்படித் தூங்கினோமே என்று மறுநாள் முழுக்க அழுதாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் கண்ணாடிக்காரரிடம் ஒளிவு மறைவில்லாமல் கேட்டுவிட்டாள்.

"உங்களைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு நோயாளியப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறது இன்னொரு தடவை என்னால முடியாது. உடம்புக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

"எனக்கா?" என்று அவர் மார்பைத் தட்டிக்கொண்டார். "கல்லு மாதிரி இருக்கேன். சந்தேகமா இருந்தா சொல்லுங்க, பாலைவனத்துல இருக்கே அந்தப் பெரிய மணல்மேடு, அதோட உச்சிவரைக்கும் ஏறிக் காட்டறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் நுழைந்த மகள், "நல்ல ஐடியா அங்கிள்! கடை லீவு அன்னிக்கே போலாம்" என்று கையைத் தட்டிவிட்டாள். அக்காவும் சிரித்துக்கொண்டே, "சரி, உச்சிக்குப் போனதும் பதில் சொல்றேன்" என்றாள்.

நகரத்திலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். மாப்பிள்ளை ஓட்டினார். வீடுகள் குறைந்து, மரங்கள் குறைந்து, கடைசியில் சாலையும் வானமும் மட்டும் மிஞ்சிய இடத்தில் அது எழுந்து நின்றது. மணல்மேடு என்று பேருக்குச் சொல்கிறார்களே தவிர அது மலை. அடிவாரத்தில் கார் நிறுத்த ஒரு பொட்டல், ஒரு கழிப்பறை, "தண்ணீர் எடுத்துச் செல்லவும்" என்று ஒரு பலகை. வார நாள் என்பதால் வேறு வண்டி இல்லை. சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. மேட்டின் ஒரு பக்கம் செம்பழுப்பாக மின்னியது, மறு பக்கம் இன்னும் இருட்டாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கீழிருந்து உச்சிவரை வளைந்து வளைந்து ஒரே முகட்டுக் கோடு. நல்ல இஸ்திரிக்காரர் வைத்த மடிப்பு மாதிரி இருக்கிறதே என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

காரை விட்டு இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. கண்ணாடிக்காரர் வீரமாகத் தன் கோட்டைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"நீங்க போட்டுக்கங்க. ஏற ஆரம்பிச்சா எனக்கு வேர்த்துடும்."

அக்கா வாங்கினாள். அதே நேரம் மகள் காருக்குள்ளிருந்து, தனக்குக் குதிகால் வலிக்கிறது, தான் வரவில்லை, அவரும் வண்டி ஓட்டிய களைப்பில் இருக்கிறார், நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள் என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தாள். நேற்றுவரை குதிகால் வலி என்ற பேச்சே இல்லை. "உன் குதிகாலைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று அக்கா அவளைக் கிண்டல் செய்ய, கை தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. சாவி, செல்போன், கைக்குட்டை, ஒரு கண்ணாடிக் கூடு. எல்லாம் கோட்டிலிருந்து கிளம்பி முன்சீட்டில் அவளுடைய கைப்பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. கண்ணாடிக்காரரிடம் கண்ணாடிக் கூடு இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அவள் அதை இன்னொரு முறை பார்க்கக்கூட இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஆரம்பத்தில் கண்ணாடிக்காரர் வாய் மூடவே இல்லை.

"பாலைவனத்துல கண்ணை நம்பவே கூடாது. உச்சி பக்கத்துல இருக்கற மாதிரி தெரியும். போகப் போக அது பின்னாடி போய்க்கிட்டே இருக்கும். ஏன்னா அளவு பாக்கறதுக்கு நடுவுல ஒரு மரம் இல்ல, ஒரு வீடு இல்ல."

"அப்ப எவ்வளவு தூரம்தான் இருக்கு?"

"அதான் சொல்றேனே, எனக்கும் தெரியாது."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முகட்டின்மேல் ஏறி நடப்பதுதான் சுலபம் என்று ஏறிய கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. காற்று அடிக்கிற பக்கம் மணல் இறுகிக் கிடந்தது, மறு பக்கம் கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே இழுத்தது. முன்னால் ஒரு அடி வைத்தால் பின்னால் அரை அடி சறுக்கியது. காலணியை அவிழ்த்துக் கொட்டினால் ஒரு படி மணல் விழுந்தது. உட்கார்ந்து கொட்டிவிட்டு, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்து கொட்டினார்கள்.

ஆனாலும் அக்காவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கையில் துணி இல்லை, காதில் மெஷின் சத்தம் இல்லை, "அக்கா, என் சட்டை ஆச்சா?" என்று கேட்க ஆள் இல்லை. இப்படி வெறுங்கையாக நடந்து எத்தனை காலம் ஆயிற்று! பக்கத்தில் ஒரு மனுஷன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவதுகூட நன்றாகத்தான் இருந்தது. பாதி மேட்டைத் தாண்டியபோது அவள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். சரி என்று சொல்லிவிடப் போகிறாள். உச்சிக்குப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பிகு செய்துவிட்டுச் சொல்ல வேண்டும். என்ன வார்த்தையில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பேச்சு நின்றுபோயிருப்பது அவளுக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் கொஞ்சம் பின்னால், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார். காற்று திரும்பியிருந்தது. முகட்டின் விளிம்பிலிருந்து பொடி மணல் புகையாகக் கிளம்பி அவர் முகத்தில் அடித்தது. அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, நீண்ட விசில் சத்தம்.

அந்தச் சத்தத்தை அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏழு வருஷம் மாடிக்கு ஓடி ஓடிக் கேட்ட சத்தத்தின் கூடப் பிறந்தது அது.

"கோட்டு," என்றார் அவர். "கோட்டைக் கொஞ்சம் குடுங்க."

அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் வலது பாக்கெட்டில் கையை விட்டார், இடது பாக்கெட்டில் விட்டார், உள்பாக்கெட்டில் விட்டார். மறுபடியும் வலது பாக்கெட்டுக்கு வந்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"கண்ணாடிக் கூடு இருந்துதே."

"கூடா? அதைக் கார்லயே எடுத்து வெச்சுட்டேனே."

"ஏன்?"

"பழக்கம்" என்றாள். "கோட்டு கைக்கு வந்தா பாக்கெட்டைக் காலி பண்ணிடுவேன். தெரியாதா உங்களுக்கு? கண்ணாடிதானே, எதுக்கு இப்ப?"

"கண்ணாடி இல்ல." அவர் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் போட்டார். "பம்ப். மூச்சுக்கு. இழுப்பு இருக்கு எனக்கு. சின்ன வயசுலேர்ந்து."

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. கல்லாம் கல்லு! கண்ணாடிக் கூட்டுக்குள் இன்ஹேலரை ஒளித்து வைத்துக்கொண்டு மார்பைத் தட்டியிருக்கிறார் மனுஷன். நேருக்கு நேர் நின்று கேட்டாளே, தப்பாக நினைக்க மாட்டேன் என்றும் சொன்னாளே. திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோபம் ஒரு பக்கம் இருக்க, கை ஒரு பக்கம் வேலையை ஆரம்பித்துவிட்டது. அவரைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள். சாய விடாமல் முன்னால் குனிந்து முழங்காலில் முழங்கையை ஊன்றச் செய்தாள். தன் கழுத்தில் சுற்றியிருந்த சால்வையைப் புட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவர் மூக்கையும் வாயையும் சுற்றித் தளர்வாகக் கட்டினாள். கோட்டை முதுகில் போர்த்தினாள்.

"வாயைக் குவிச்சு மெதுவா விடுங்க. இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, விடறதைப் பாருங்க. ம், அப்படித்தான். பேசாதீங்க! பேசினதெல்லாம் போதும்."

கீழே பார்த்தாள். பொட்டலில் கார் ஒரு தீப்பெட்டி அளவு தெரிந்தது. கையை வீசினாள், கத்தினாள். குரலைக் காற்று தின்றுவிட்டது. இரண்டு பேருடைய செல்போன்களும் காரில்தான் கிடந்தன, அதுவும் அவள் கை செய்த வேலை. முகட்டின் வழியே நடந்து இறங்கினால் வெகு நேரம் ஆகும். நேராக இறங்கினால்? அந்தப் பக்கம் மணல் செங்குத்தாகச் சரிந்து கிடந்தது. பார்த்தாலே தலை சுற்றியது.

"இங்கயே இருங்க. சாயக் கூடாது. படுக்கவே கூடாது. புரியுதா?"

அவர் தலையசைத்தார். கண்ணில் பயம் இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு அக்கா யோசிக்கவில்லை. செங்குத்துச் சரிவில் காலை வைத்தாள்.

முதல் எட்டிலேயே மணல் அவளை வாரிக்கொண்டு போயிற்று. நடக்கவே முடியவில்லை, ஓடத்தான் முடிந்தது. குதிகாலை ஊன்றிக் குதித்தால் ஒவ்வொரு குதிப்புக்கும் இரண்டு ஆள் உயரம் கீழே போனாள். அவளோடு சேர்ந்து மணலும் தாள் தாளாகச் சரிந்தது. சரிந்த மணலின் அடியிலிருந்து ஒரு உறுமல் கிளம்பிற்று. பெரிய மெஷின் துணியைப் பிழியும்போது தரை அதிருமே, அப்படிக் காலடியில் மேடே அதிர்ந்தது. வேறு நாளாக இருந்தால் பயந்து செத்திருப்பாள். இன்றைக்கு அவள் வாய் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. "முடியாது. இன்னொரு தடவை என்னால முடியாது. முடியாது சாமி, முடியாது." அப்படிச் சொல்லிக்கொண்டேதான் குதித்தாள். ஒரு தரம் உருண்டாள். எழுந்து வாயில் போன மணலைத் துப்பிவிட்டு மறுபடி ஓடினாள்.

கார் பக்கத்தில் வந்து விழுந்தபோது மகள் அலறிக்கொண்டு கதவைத் திறந்தாள். சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்தார்.

"அம்மா! என்னம்மா ஆச்சு? அங்கிள் எங்க?"

அக்கா பதில் சொல்லாமல் முன்சீட்டிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் சுற்றி, நீல நிற இன்ஹேலர் பத்திரமாக இருந்தது.

"அவருக்கு இழுப்பு. மேல உக்காந்திருக்கார். இது வேணும்."

மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலணிக் கயிற்றை இறுக்கினார். "குடுங்க அத்தை. நான் போறேன். நீங்க உக்காருங்க, தண்ணி குடிங்க." வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, அவள் இறங்கி வந்த தடத்தை விட்டு, முகட்டின் வழியாக ஓட்டமும் நடையுமாக ஏறினார். இளம் கால்கள். அவள் போவதைவிட மருந்து சீக்கிரம் போய்ச் சேரும். அதில் சந்தேகம் இல்லை.

அக்கா காரின் வாசலில் கால்களை வெளியே போட்டு உட்கார்ந்தாள். மகள் முகத்தைத் துடைத்துவிட்டாள். நடந்ததெல்லாம் துண்டு துண்டாக வெளியே வந்தது. கேட்டு முடித்ததும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான்தான் உன்னை ரொம்ப நெருக்கிட்டேன். மன்னிச்சுக்கோ. அப்பாவை நீ எப்படிப் பாத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும். வேணாம்னா வேணாம். அவர் இறங்கி வந்ததும் நானே சொல்லிடறேன். நீ ஒரு வார்த்தை பேச வேணாம்."

அக்கா தலையாட்டினாள். அவளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! கண்ணாடிக்காரர் பொய் சொல்லிவிட்டார், அவள் கேட்ட ஒரே விஷயத்தில் பொய் சொல்லிவிட்டார். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. மருந்து போகிறது, ஆள் பிழைத்துக்கொள்வார். நாளை காலை வழக்கம்போலக் கடையைத் திறக்கலாம். ராத்திரி விடியும்வரை தூங்கலாம். மகள் நீட்டிய தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள். குடிக்காமலே மூடி வைத்தாள்.

மேலே பார்த்தாள். ஏறிக்கொண்டிருக்கும் ஒரு புள்ளி மாப்பிள்ளை. அதற்கு ரொம்ப மேலே அசையாமல் இருக்கும் இன்னொரு புள்ளி அவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். பிறகு காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போற? அவர்தான் போயிட்டாரே!"

"உக்காந்திருக்காரா, சாஞ்சிட்டாரான்னு இங்கேர்ந்து தெரியலடி."

வெறுங்காலில் மணல் சுட ஆரம்பித்திருந்தது. ஏற்கனவே ஒரு முறை ஏறி இறங்கிய கால்கள், ஐம்பதைத் தாண்டிய முழங்கால்கள், இரண்டும் சேர்ந்து கெஞ்சின. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல இடங்களில் கையை ஊன்றித் தவழ்ந்துதான் போனாள். நடுவழியில் நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு புள்ளிகளும் ஒன்றாகியிருந்தன. அப்போதும் நிற்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக்காரர் அவள் உட்காரவைத்த மாதிரியேதான் குனிந்து உட்கார்ந்திருந்தார். விசில் சத்தம் அடங்கியிருந்தது. உதட்டுக்குப் பழைய நிறம் திரும்பியிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை மணலில் மல்லாந்து கிடந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தை, நான் கீழ போய் டீக்கு ஏற்பாடு பண்றேன்" என்றார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை டீக்கடையே கிடையாது. ஆனாலும் போய்விட்டார். நல்ல பிள்ளை.

அக்கா தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தூசி பட்டா இழுக்கும்னு தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா மணல்மேட்டுல ஏறறேன்னு சொன்னீங்க?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்காகச் சாகறதுக்கு ஒரு ஆள் எனக்கு வேணாம்! சாகறதை ஒரு தடவை பாத்தாச்சு. போதும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மணல் அப்பிய முகத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் மணலை அப்பிக்கொண்டாள். "நான் கேட்டேன்ல? நேரா நின்னு கேட்டேன்ல?"

கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"சொல்லியிருந்தா அன்னிக்கே வேணாம்னு சொல்லியிருப்பீங்க. அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு தினம் ஒரு சட்டை கொண்டு வர்றது? அந்த அஞ்சு நிமிஷம் பேசறதும் போயிடுமேன்னு பயம். பொய் சொன்னது தப்புதான். பெரிய தப்பு. வருஷத்துல ரெண்டு மூணு தடவை வரும், பம்ப் அடிச்சா அடங்கிடும், அவ்வளவுதான். ஆனா வராதுன்னு இனிமே சொல்ல மாட்டேன். வயசாக ஆக இன்னும் வரலாம். நீங்க வேணாம்னு சொன்னா எனக்குக் கோபம் இல்ல. நியாயம்தான்."

இவ்வளவு பேசியதில் அவருக்கு மறுபடி இரைத்தது. அக்கா தன்னை அறியாமல் அவர் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தாள். முதுகு மேலும் கீழும் போய் வந்தது. மூச்சு வருகிறது, போகிறது என்று கைக்குத் தெரிந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "ரொம்பப் பயமா இருக்கு. கீழ ஓடும்போது பூரா, முடியாது, இன்னொரு தடவை முடியாதுன்னு சொல்லிக்கிட்டேதான் ஓடினேன். ஆனா ஓடினேன். அங்க கார்ல உக்காந்து மகள் கையைப் பிடிச்சுக்கிட்டு தண்ணி குடிச்சிருக்கலாம். உக்கார முடியல என்னால."

"பாத்தேன். நீங்க ஓடினதைப் பாத்தேன்." அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். "மூச்சு மட்டும் இருந்திருந்தா கை தட்டியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் ஒன்றாக வந்ததில் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் மணலை அள்ளி அள்ளிப் போட்டாள்.

உச்சி இன்னும் மேலே இருந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"பதிலை உச்சியிலதான் சொல்வேன்னீங்க. கொஞ்ச நேரம் குடுத்தா மெதுவா ஏறிடுவேன்."

"ஒரு அடி மேல வெச்சீங்கன்னா நானே உருட்டி விட்டுடுவேன்."

அவர் கையிலிருந்த இன்ஹேலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊதி மணலைத் தட்டினாள். மூடியைச் சரியாக மாட்டினாள்.

"இனிமே இதைக் கூட்டுக்குள்ள ஒளிக்கற வேலையெல்லாம் வேணாம். நாளைக்கே இன்னும் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு உங்க கடை மேசைல இருக்கட்டும். ஒண்ணு என் கடைல. ஒண்ணு வீட்டுல."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான், வேற எந்த வீட்டுல?" என்று அக்கா எரிந்து விழுந்தாள்.

கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க," என்றாள் அக்கா. "மூச்சை விடுங்க."